வழக்கு தோற்ற பிறகு யாரோடு உட்காருவது?

2023 அக்டோபர் 17. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வாசித்த அன்று, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மத்திய அரசையும் நீதிபதிகளையும் திட்டியது கொஞ்ச நேரம்தான். இருட்டுவதற்குள் ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்துவிட்டோம்.

“திருநங்கைகளுக்குக் கிடைச்சிடுச்சு. நமக்குத்தான் பட்டை நாமம்” என்று ஒரு நண்பர் போட்டார். ஆணும் பெண்ணுமாக இணையும் திருநர் ஜோடிகள் இப்போதுள்ள சட்டங்களின் கீழேயே மணம் செய்துகொள்ளலாம் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் அவர் குறிப்பிட்டார். வடசென்னையிலிருந்து ஒரு திருநங்கைத் தோழி உடனே குரல் பதிவு அனுப்பினார்: “எனக்கு என்னப்பா கிடைச்சுது? மாசக்கணக்கா வீடு தேடுறேன். உங்க ஆளுங்களுக்கு வீடு கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு எந்த ரோட்டுல குடும்பம் நடத்துறது?” இன்னொருவர், “டெல்லியில பெரிய பெரிய வக்கீலை வெச்சு நடத்துன கேஸ் இது. நம்மளை யாரு கேட்டாங்க?” என்றார். சிலர் குழுவைவிட்டே வெளியேறினார்கள்.

தீர்ப்பின் சாரம் பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. திருமணம் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழும் உறவுக்கு ஒரு சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றார்கள் சந்திரசூடும் கவுலும். ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் மறுத்தார்கள். தத்தெடுப்பிலும் அதே மூன்றுக்கு இரண்டு. தன்பாலின இணையரின் உரிமைகளை ஆராய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைக்கச் சொன்னார்கள், அது 2024 ஏப்ரலில் அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கூட்டுக் கணக்கு தொடங்க அதற்கு முன்பும் எந்தத் தடையும் கிடையாது, நீங்களும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும்கூடத் தொடங்கலாம். இல்லாத பூட்டைத் திறந்துவிட்டதற்கு நன்றி சொல்லி ஆங்கில நாளிதழ்களில் கட்டுரை வந்தது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின.

எனக்குத் தீர்ப்பைவிட அந்த இரவுச் சண்டைதான் உறுத்தியது. ஏனென்றால் இதே சண்டை வேறொரு நாட்டில் நடந்து, அதன் சேதாரம் எவ்வளவு என்பதும் பதிவாகியிருக்கிறது.

2008 நவம்பர் 4. அமெரிக்காவில் ஒபாமா வென்ற அதே நாளில், கலிஃபோர்னியாவில் எட்டாம் முன்மொழிவு 52 விழுக்காடு வாக்குகளோடு நிறைவேறியது. மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் கொடுத்த தன்பாலினத் திருமண உரிமையை நவம்பரில் வாக்காளர்கள் பறித்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் சுமார் 18,000 ஜோடிகள் மணந்திருந்தார்கள். மறுநாள் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது: கறுப்பின வாக்காளர்களில் 70 விழுக்காட்டினர் தடையை ஆதரித்தார்களாம். அவ்வளவுதான், பழி முழுக்க அவர்கள் தலையில் விழுந்தது. ஊர்வலங்களுக்கு வந்த கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களே வசை வாங்கினார்கள். பிறகு நிதானமாக ஆராய்ந்தவர்கள் அந்த எண் 58 பக்கம்தான் இருக்கும் என்றும், வித்தியாசத்தின் பெரும்பகுதியை இனம் தீர்மானிக்கவில்லை, தேவாலயத்துக்குப் போகும் பழக்கம்தான் தீர்மானித்தது என்றும் காட்டினார்கள். அவர்கள் காட்டியது 2009 ஜனவரியில். பழி விழுந்தது ஒரே நாளில்.

ஆனால் அதே நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி., மெக்சிகோ வம்சாவளியினரின் சட்ட அமைப்பு, ஆசிய அமெரிக்கர்களின் சட்ட மையம் எல்லாம் சேர்ந்து முன்மொழிவை எதிர்த்து நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. பாதிக்கு ஒரு வாக்கு கூடினால் ஒரு சிறுபான்மையின் உரிமையைப் பறிக்கலாம் என்றால், நாளைக்கு எங்கள் உரிமையையும் பறிக்கலாம். 1948-இல் இதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்தான் வெவ்வேறு இனத்தார் மணப்பதற்கு இருந்த தடையை உடைத்தது. அந்த வழக்கைப் போட்டது ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பெண்ணும் ஒரு கறுப்பின ஆணும். 2009 மே மாதம் இந்த மனுவும் தோற்றது. 2013-இல்தான் அங்கே திருமணங்கள் மீண்டும் தொடங்கின. 2024-இல் மக்களே வாக்களித்து, 62 விழுக்காட்டுக்கும் மேல், அந்தத் தடை வாசகத்தை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

அந்த மனுவில் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை. கத்தி தங்கள் தலைக்கு மேலும் தொங்குகிறது என்று தெரிந்து போட்டார்கள்.

நம் ஊரில் அந்தக் கத்தி எது என்று யோசித்தால் எனக்கு எங்கள் அக்கா நினைவுதான் வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். அக்கா காதலித்தது வேறு சாதி, வேறு மதம். மாமா கிறிஸ்தவர். இருவரும் மதம் மாறாமல் மணக்க வேண்டுமென்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழக்கமான வழி. அதில் என்ன சிக்கல் என்றால், மனுக் கொடுத்ததும் உங்கள் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் எழுதிய அறிவிப்பைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். முப்பது நாள் அது அங்கே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வயலோ மனையோ வாங்கி விற்கிற நாலு பேர் தினமும் வந்து போகிற இடம் அது. பத்திரம் பதிய வந்த சித்தப்பா ஒருவர் பலகையில் எங்கள் அப்பா பெயரைப் பார்த்தார். அன்று சாயங்காலமே வீட்டில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அக்காவின் செல்போன் போனது, மார்க் ஷீட்டுகள் பீரோவுக்குள் போயின, மாடி அறைக்கு வெளியே தாழ் விழுந்தது.

கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? ஒரு தோழி உதவியோடு வெளியே வந்த அக்கா, இன்னொரு முப்பது நாள் காத்திருக்கத் தெம்பில்லாமல் ஞானஸ்நானம் வாங்கி தேவாலயத்தில் மணந்துகொண்டாள். மதம் மாறாமல் மணப்பதற்கென்றே போட்ட சட்டம் அவளை மதம் மாற வைத்தது. 

நான் தன்பாலீர்ப்பாளன் என்று வீட்டில் தெரிந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. எங்கள் அப்பா இப்போதும் அக்கா பெயரை எடுக்க மாட்டார். என்னைப் பற்றி யாராவது கேட்டால் “அவனுக்கு மெட்ராஸ்ல வேலை” என்று முடித்துக்கொள்வார். தீர்ப்பன்று அக்கா போன் செய்தாள். “ஏல, ஒனக்குச் சட்டமே இல்லன்னுட்டான். எனக்கு இருந்துச்சே, இருந்து என்னத்தக் கிழிச்சுது? மொதல்ல அந்த போர்டைப் புடுங்கச் சொல்லு.”

அந்தப் பலகையைப் பிடுங்குவதுதான் எங்கள் எல்லோருக்கும் பொதுவான வேலை என்று நான் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான். பலகை என்றால் பலகை மட்டுமில்லை. வயதுவந்த ஒருவர் யாரோடு வாழ்வது என்பதில் பெற்ற குடும்பத்துக்கு ஒரு ‘வீட்டோ’, அதாவது தடுத்து நிறுத்தும் அதிகாரம், இருக்கிறது என்ற எண்ணம், அந்த வீட்டோவைக் காவல் நிலையம் செயல்படுத்திக் கொடுக்கும் வழக்கம். சாதி மறுத்து மணப்பவர்கள், மதம் தாண்டி மணப்பவர்கள், வீட்டைவிட்டு வந்த தன்பாலீர்ப்புப் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோரும் முட்டுகிற சுவர் அது. தில்லியில் வழக்குப் போட்டவர்களிலேயே சிலர் இதைத்தான் கேட்டார்கள்: பிறந்த வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்பு, நாங்களே தேர்ந்துகொண்ட குடும்பத்துக்கு அங்கீகாரம். தொலைக்காட்சி விவாதங்களில் மோதிரமும் மாலையும் காட்டியதில் அந்த மனு காணாமல் போனது.

வீட்டைவிட்டு வருகிற ஜோடிகளுக்கு முதல் இரவு இடம் ஏற்பாடு செய்யும் நண்பர்கள் வட்டம் ஒன்றில் நானும் இருக்கிறேன். சாதி மறுப்பு ஜோடியோ, இரண்டு பெண்களோ, யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “மார்க் ஷீட், ஆதார் எடுத்துட்டு வந்தியாம்மா?” எடுக்காமல் வந்தால் வேலைக்குப் போக முடியாது, அதை வாங்க வீட்டுக்குப் போனால் திரும்ப முடியாது. இரண்டாவது, செல்போனை அணைக்கச் சொல்வது. அதற்குள் ஊரில் ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் பதிவாகியிருக்கும். மறுநாள் ஏதாவது ஒரு நிலையத்தில் இரு தரப்பும் உட்கார்ந்திருக்கும். அம்மா அழுவார், மாமா மிரட்டுவார், காக்கிச்சட்டைக்காரர் “பெத்தவங்க பாவம், ரெண்டு நாள் போயி இருந்துட்டு வாம்மா” என்பார். போகிற பெண்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

இதுவரை இரண்டு கதையும் ஒன்றுதான். இங்கேதான் பிரிகிறது. ஆணும் பெண்ணுமாக வந்தவர்கள் என்றால் அன்றைக்கே ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி, படம் எடுத்து, பதிவுக்குக் கொடுத்து, அந்தக் காகிதத்தோடு நிலையத்துக்குப் போகலாம். காகிதத்தைப் பார்த்ததும் ஆய்வாளரின் குரல் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பெண்கள் என்றால் அந்தக் காகிதம் இல்லை. “எனக்கு வயசு வந்துடுச்சு, என் விருப்பத்துலதான் வந்தேன்” என்ற வாய்ச்சொல் மட்டும்தான். சுப்ரியோ தோல்வியின் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் ஓய்வூதியத்தையோ காப்பீட்டையோ சொல்ல மாட்டேன், அந்த நிலைய மேசையில் இல்லாமல் போன ஒரு காகிதத்தைச் சொல்வேன்.

சென்னை உயர் நீதிமன்றம் இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் வந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு, காவலர் நடத்தை விதிகளிலேயே தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று தமிழக அரசு 2022-இல் சேர்த்தது. 2025 மே மாதம் இன்னொரு ஆட்கொணர்வு மனு. இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்து அடித்து, ‘சரி’யாக்கச் சடங்குகள் செய்திருக்கிறார்கள். மீட்கக் கோரி வந்த பெண், தன்னைத் தோழி என்று மட்டும்தான் மனுவில் எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் புரிகிறது என்று சொன்ன நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று எழுதினார்கள். 

தோல்விக்குப் பின் வந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது 2024 மார்ச்சில் தேவு ஜி. நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள். கேரளத்தில் தன் தோழியை மீட்க ஒரு பெண் போட்ட வழக்கு. அவர் வழக்கில் தோற்றார். ஆனால் எல்லா நீதிமன்றங்களும் இனி எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. மனுதாரருக்கும் அடைத்து வைக்கப்பட்டவருக்கும் என்ன உறவு என்று துருவக் கூடாது. பெற்றோரோடு சேர்த்துவைக்கும் நோக்கில் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது. தன்பாலினம், திருநர், மதம் கடந்தது, சாதி கடந்தது என்ற காரணத்தால் ஆபத்து என்று ஒரு ஜோடி பாதுகாப்பு கேட்டு வந்தால், ஆபத்தை நிரூபிக்கும் முன்பே உடனடியாகப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். நான்கு பேரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் வாட்ஸ்அப்பில் குழாயடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் கூட்டணியை நீதிமன்றம் எழுதிக் கொடுத்துவிட்டது.

2025 தொடக்கத்தில், மறுஆய்வு மனுவும் தள்ளுபடியான பிறகு, திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அரங்கில் முதன்முறையாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். குயர் (பால்புதுமையினர்) குழுக்கள், சாதி மறுப்புத் திருமணம் செய்துவைக்கிறவர்கள், தலித் அமைப்பு ஒன்று, இஸ்லாமியப் பெண்கள் சிலர், ஆட்கொணர்வு வழக்குகள் நடத்தும் வக்கீல்கள். முதல் அரை மணி நேரம் அவரவர் ஆட்களோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்த பிறகுதான் நாற்காலிகள் நகர்ந்தன.

எண்பது வயதைத் தொடும் கருப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். சுயமரியாதைத் திருமணங்கள் நடத்திவைப்பவர். திருமணம் சட்டப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இளைஞர்கள் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “தம்பி, சுக்கிலநத்தத்துல முதல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது 1928-ல. அண்ணா சட்டம் கொண்டுவந்தது 67-ல. நடுவுல 53-ல ஐகோர்ட்டே இதெல்லாம் செல்லாதுன்னுடுச்சு. அதுக்காக எங்காளுங்க யாரும் கல்யாணம் பண்ணாம இருந்தாங்களா, புள்ளை பெத்துக்காம இருந்தாங்களா?” என்றார். அரங்கமே சிரித்தது. நான் சிரிப்போடு சேர்த்துக் கணக்கும் போட்டேன்: முப்பத்தொன்பது வருஷம். சொத்துரிமையும் வாரிசுரிமையும் கேள்விக்குறியாகத் தொங்க, மேடை போட்டு, ஊரைக் கூட்டி மணந்திருக்கிறார்கள். 67-இல் வந்த சட்டம் அதற்கு முன்பு நடந்த திருமணங்களையும் செல்லும் என்றது.

அந்தச் சட்டத்தில் கணவன், மனைவி என்றுதான் இருக்கிறது, இந்துக்களுக்கு மட்டும்தான் பொருந்தும், ஆகவே எனக்கும் இடமில்லை, அக்காவுக்கும் இடமில்லை என்று நான் சொன்னேன். பெரியவர், “அப்ப அதைத் திருத்தணும், அவ்வளவுதானே” என்றார், ஏதோ பல்பு மாற்றச் சொல்வதுபோல. ஆனால் யோசித்துப் பார்த்தால், மாநிலச் சட்டமன்றம் செய்த திருத்தம் அது. தில்லியை மட்டும் பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பதற்கு இங்கே பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

ஒரு வக்கீல் இன்னொன்றை நினைவுபடுத்தினார். வக்கீல்கள் தங்கள் அறையில், நாலு நண்பர்கள் முன்னிலையில் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைக்கலாம், ஊரறிய அறிவிக்கத் தேவையில்லை, அறிவிக்கச் சொன்னால் குடும்பத்தின் நெருக்குதலுக்கு ஆளாகும் ஜோடிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று உச்ச நீதிமன்றம் இளவரசன் என்பவரின் வழக்கில் 2023 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ரவீந்திர பட். சரியாக ஐம்பது நாள் கழித்து சுப்ரியோ வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான். சாதி மறுப்பு ஜோடிக்குக் கதவைத் திறந்த கை எங்களுக்குச் சாத்தியது என்று கோபப்படலாம். எனக்கு அன்று கோபம் வரவில்லை. திறக்கத் தெரிந்த கை என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் இப்படியே இனிமையாகப் போனது என்று நினைக்காதீர்கள். மதியத்துக்குள் இரண்டு முறை உடைகிற நிலைக்கு வந்தது.

முதல் முறை, தலித் திருநங்கைத் தோழர் ஒருவர் எழுந்தபோது. 2015-இல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை சாதியாலும் பாலினத்தாலும் இரட்டை அடி வாங்குகிறவர், அவருக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் திருநருக்குத் தனிப் பங்கு வேண்டும் என்பதுதான் கிடைமட்ட இட ஒதுக்கீட்டுக் கோரிக்கை. திருநங்கைச் செயல்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் ஆண்டுக்கணக்காக இதற்காக ரோட்டிலும் நீதிமன்றத்திலும் நிற்கிறார்கள். கர்நாடகம் 2021-இலேயே அரசு வேலைகளில் ஒரு விழுக்காடு கொடுத்துவிட்டது. “உங்க கல்யாணக் கேஸுக்கு நாங்க மெழுகுவத்தி பிடிச்சோம். எங்க ரிசர்வேஷன் போராட்டத்துக்கு உங்கள்ல எத்தனை பேர் வந்தீங்க?” என்று கேட்டார் தோழர். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. “பிரைடு பேரணிக்கு மட்டும் வண்டி வெச்சுக் கூப்பிடுறீங்க” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று இருந்தது. 2015-இல் மும்பை நாளிதழ் ஒன்றில் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி ஒரு தாய் விளம்பரம் கொடுத்தார். நாடே கொண்டாடியது. விளம்பரத்தில், சாதி தடையில்லை, ஆனாலும் ஐயர் என்றால் நல்லது என்று இருந்தது. அந்தத் தாயின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் அம்மா இந்த ஜென்மத்தில் செய்ய மாட்டாள். ஆனால் சாதிக்குள் நல்ல மாப்பிள்ளை என்பதுதான் இலக்கு என்றால், சாதி மறுத்ததற்காக வெட்டுப்படுகிறவர்களோடு நாங்கள் எந்த முகத்தோடு உட்காருவது? சந்திரசூட் தன் தீர்ப்பில், நகரத்தில் ஆங்கிலம் பேசி அலுவலக வேலை பார்க்கும் ஆண் மட்டுமல்ல, கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்ணும் அதே அளவு குயர்தான் என்று எழுதினார், இது நகரத்து மேட்டுக்குடிப் பார்வை என்று மத்திய அரசு சொன்னதற்குப் பதிலாக. அரசுக்கு அது பதில்தான். எங்கள் குழுக்களின் கமிட்டிகளில் அந்த வயல்வேலைப் பெண் இருக்கிறாரா என்று அரசு கேட்கவில்லை, தோழர் கேட்டார்.

இரண்டாவது முறை உடையப் பார்த்தது இஸ்லாமியச் சகோதரி ஒருவர் பேசியபோது. “எல்லாருக்கும் ஒரே கல்யாணச் சட்டம்னு நீங்க ஆரம்பிச்சாலே எங்களுக்கு வயித்தைக் கலக்குது” என்றார். உத்தராகண்டின் பொது சிவில் சட்டம் அந்த ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மணமாகாமல் சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், வயது 21-க்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். தன்பாலினத்தவருக்கு அதில் பேச்சே இல்லை. உத்தரப்பிரதேசத்தில் மதம் மாற 60 நாள் முன்பே மாவட்ட ஆட்சியரிடம் சொல்ல வேண்டும். “உங்க முப்பது நாள் போர்டுதான், ஊருக்கு ஊர் வேற வேற பேர்ல வருது” என்றார் அவர்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் வெடித்தான்: “உங்க ஜமியத் உலமா எங்க கேஸுல எதிர்த்து வாதாடுச்சே அக்கா!” உண்மைதான், இஸ்லாமிய அறிஞர்களின் அந்த அமைப்பு சுப்ரியோ வழக்கில் எதிர்த்தது. மூன்று மாநில அரசுகளும் குழந்தைகள் உரிமை ஆணையமும்கூட எதிர்த்தன. சகோதரி அசரவில்லை. “ஆமா தம்பி, எதிர்த்தாங்க. உங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் ஆதரிச்சாங்களா?”

அதற்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமானது. யாருடைய பெரியவர்களும் யாருக்கும் பிரதிநிதி இல்லை என்று பேசாமலே முடிவானது. அன்று எடுத்த தீர்மானங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டங்களில் குயர் குழுக்கள் பேனரோடு வரும், பிரைடு உடையில்லாமல். தங்குமிடங்களின் பட்டியல் பொதுவாக இருக்கும். நிலையத்துக்குப் போகும் வக்கீல், வந்திருப்பது யார் என்று பார்க்காமல் போவார். முப்பது நாள் அறிவிப்பை நீக்கக் கோரும் மனுவில் எல்லோரும் கையெழுத்து. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமே அறிவிப்பு ஜோடியின் விருப்பம் என்று சொன்ன பிறகு, அதில் யாருக்கும் ஆட்சேபம் எழவில்லை.

2025 ஜூலையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டார். 27 வயது, மென்பொருள் பொறியாளர், பட்டியல் சாதி, காதலித்தது வேறு சாதிப் பெண்ணை, பாளையங்கோட்டையில், பட்டப்பகலில். குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் பெற்றோர் இருவரும் காவல் துறையில் உதவி ஆய்வாளர்கள். உடலை வாங்க மாட்டோம் என்று கவினின் குடும்பம் நாட்கணக்கில் நின்றது. எங்கள் குழுவில் சிலர் போய் நின்றார்கள். எனக்கு அது சொந்த ஊர்ப் பக்கம், பேருந்திலிருந்து இறங்கி நடந்த தெருக்களெல்லாம் பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் மிதித்தவை. அதற்கு முந்தைய ஆண்டுதான் சாதி மறுப்புத் திருமணம் நடத்தியதற்காக அதே நகரில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். கவின் கொலைக்குப் பிறகு, சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் தமிழகம் முழுக்கத் தங்கள் அலுவலகங்கள் திறந்திருக்கும் என்று அந்தக் கட்சி அறிவித்தது. செய்தியைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது, அந்த வாசலில் இரண்டு பெண்கள் கைகோத்து வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதைத்தான். 2019 தேர்தல் அறிக்கையிலேயே தன்பாலின இணையருக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட கட்சி அது. கிளை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அக்டோபரில், ஆணவக்கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆணையத்துக்குக் கொடுக்க ஒரு மனு தயாரிக்கலானோம். வரைவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாதுகாப்பு யாருக்கு என்ற பிரிவில் ‘திருமணம் செய்த அல்லது செய்ய விரும்பும் ஆணும் பெண்ணும்’ என்று பழைய மாதிரிகளில் இருக்கும். நான் ‘சேர்ந்து வாழும் அல்லது வாழ விரும்பும் வயதுவந்த இருவர்’ என்று எழுதினேன்.

கூட்டணியிலிருந்த இரண்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ஏற்காதவர்கள் கெட்டவர்கள் கிடையாது. உடுமலைப்பேட்டை சங்கரிலிருந்து கவின் வரை இத்தனை உயிர் போய், இத்தனை வருஷம் கத்தி, இப்போதுதான் ஒரு ஆணையம். இந்த ஒரு வரியைக் காட்டி, இது பண்பாட்டுக்கு விரோதம் என்று எவனாவது மொத்தச் சட்டத்தையும் குப்பையில் போட்டுவிட்டால்? “மொதல்ல சட்டம் வரட்டும் தோழர், பிற்பாடு உங்களைச் சேர்த்துக்கலாம்” என்றார் அவர்களில் மூத்தவர். அந்தப் ‘பிற்பாடு’ எப்போதும் வருவதில்லை என்பது என் வாதம். வீட்டார் அடித்துக் கொன்ற தன்பாலீர்ப்புப் பெண்ணின் சாவு தற்கொலை என்று முடிகிறது, அதைக் கணக்கெடுக்கக்கூட ஒரு சட்டப் பெயர் இல்லை என்றேன். கருப்புச் சட்டைப் பெரியவர் என் பக்கம் பேசினார். தலித் திருநங்கைத் தோழரும் பேசினார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூத்தவர் கடைசிவரை அசையவில்லை.

அந்த வரியோடுதான் மனுவை முடித்தோம். இரண்டு அமைப்புகளும் கையெழுத்துப் போடவில்லை, தங்கள் மனுவைத் தனியாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதில் முப்பது நாள் அறிவிப்பை நீக்கும் கோரிக்கையை எங்கள் வாசகத்திலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அடுத்த கூட்டம் திண்டுக்கல்லில். மதியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.